யாருடைய மூளை அளவுகோல்?

1980களில் இந்திய மருத்துவமனைகளில் சிடி ஸ்கேன் பரவத் தொடங்கியபோது கூடவே ஒரு குழப்பமும் வந்து சேர்ந்தது. வலிப்பு கண்டு வந்த இளைஞர்கள், சிறுவர்கள் பலருடைய மூளைப் படத்தில் ஒரே மாதிரியான ஒற்றைப் புள்ளி தெரிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவு, சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். காசநோய் மலிந்த நாடு என்பதால் அது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்ளப்பட்டது. நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டார்கள். அடுத்த படத்தில் புள்ளியைக் காணோம் என்றால் மருந்து பலித்தது என்றார்கள். மருந்தே தராமல் விட்டவர்களுக்கும் புள்ளி மறைந்தபோதுதான் சிக்கல் புரிந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் ஊகத்தை விட்டுத் திசுவையே எடுத்துப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமிக்குப் பதிலாக அங்கே இருந்தவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடும், அதைச் சுற்றி உடல் எழுப்பிய அழற்சியும். 1989இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. புள்ளியின் அளவு 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூளை அழுத்தம் கூடியிருக்கக் கூடாது, நரம்புக் குறைபாடு நாளுக்கு நாள் மோசமாகக் கூடாது என்பன போன்ற அளவைகளை வேலூர்க் குழு பின்னர் வகுத்துத் தந்தது. மண்டையைத் திறக்காமலும் தேவையில்லாத மருந்து தராமலும் நோயை அடையாளம் காண அவை உதவின.

அடுத்து, மருத்துவமனைக்கு வெளியே போய் வேலூர் மாவட்டத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு. புழுவைக் குடலில் சுமக்கும் ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் கை வழியாகவோ உணவு வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போவதால் மூளை நோய் வருகிறது. பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காத சைவரும் இதற்குத் தப்ப முடியாது. வலிப்புக்கான தடுப்பு கழிப்பறையிலும் கை கழுவும் சோப்பிலும் இருக்கிறது என்று காட்டியது அந்தப் புள்ளிதான்.

மூளைப் படம் எதையும் தானாகச் சொல்லிவிடுவதில்லை. மனத்தில் உள்ள வேறொரு படத்தோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் பொருள் கொள்கிறார். நோய்ப் புள்ளிக்கு இது பொருந்துவது போலவே குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது, அதன் பகுதிகள் எப்படி இணைகின்றன என்று காட்டும் இன்றைய பெரும் வரைபடங்களுக்கும் பொருந்தும். அந்த வரைபடங்களின் அளவுகோல் யாருடைய மூளையிலிருந்து எடுக்கப்பட்டது? தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் சூழ்ந்த வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக் குழந்தையை அதன் அருகில் நிறுத்தினால் என்ன தெரியும்?

மாண்ட்ரியல் வழி

அளவுகோல் பிறந்த ஊருக்கும் வேலூருக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949இல் வேலூரில் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வில்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். பென்ஃபீல்ட் 1934இல் அந்த நிறுவனத்தை நிறுவியவர். வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையிலேயே அறுவை செய்து, மூளையின் மேற்பரப்பை மின்முனையால் தொட்டு, ‘இப்போது என்ன உணர்கிறீர்கள்?’ என்று கேட்டுக் கேட்டு வரைபடம் தீட்டியவர். இங்கே தொட்டால் கட்டைவிரல் துடிக்கும், அங்கே தொட்டால் உதடு மரத்துப்போகும் என்று அவரும் எட்வின் போல்ட்ரியும் 1937இல் வெளியிட்ட கணக்கு மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம்.

சாண்டி அந்தக் கலையோடு வேலூர் வந்தார். 1952இல் அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடந்தது. முந்தைய ஆண்டில் அவரும் சென்னையின் பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கியிருந்தனர்.

பென்ஃபீல்டின் வரைபடம் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. எம்ஆர்ஐ வந்தபிறகு நூற்றுக்கணக்கான மூளைகளை ஒன்றன் மேல் ஒன்று பொருத்திச் சராசரி காணும் தேவை எழுந்தது. ஆளுக்கு ஆள் மூளையின் நீள அகலமும் மடிப்புகளும் மாறுபடுவதால், எல்லோருக்கும் பொதுவாக இடம் குறிக்கும் ஓர் ஆயமுறை வேண்டியிருந்தது. முதலில் பயன்பட்டது பிரான்ஸின் ஜான் தலைராக்கும் பியர் டூர்னூவும் 1988இல் வெளியிட்ட ஏடு. இறந்துபோன 60 வயதுப் பெண் ஒருவரின் மூளை மட்டுமே அதற்கு அடிப்படை. ஒருவரை வைத்து உலகை அளப்பதன் குறை தெரிந்ததும் மாண்ட்ரியல் நிறுவனம் 1990களில் 305 பேரின் படங்களைச் சராசரியாக்கியது. அவர்களில் 239 பேர் ஆண்கள், சராசரி வயது 23. பிறகு 152 பேரைக் கொண்ட மேம்பட்ட வடிவம் வந்தது. உலகெங்கும் மூளைப் படங்களை அலசும் மென்பொருள்கள் இன்றும் பெரும்பாலும் மாண்ட்ரியலின் அந்த வடிவத்தையே அச்சாகக் கொள்கின்றன. பெங்களூரில் எடுத்த படமும் நைரோபியில் எடுத்த படமும் இழுத்தும் சுருக்கியும் அதில் பொருத்தப்படுகின்றன.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஐரோப்பியக் காலுக்கான ‘லாஸ்ட்’ அச்சில்தான் ஏற்றுமதிக் காலணி ஏறுகிறது. அந்தக் காலணி நம் காலைக் கடித்தால் குறை காலில் இல்லை என்று அங்கே வேலை செய்யும் யாரும் சொல்வார்கள். மூளை அச்சிலும் இந்தக் கேள்வி எழுந்தது. ஹைதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜெயந்தி சிவசுவாமி குழு, உடல்நலமுள்ள 100 இளம் இந்தியர்களின் படங்களிலிருந்து ஓர் அட்லஸ் உருவாக்கி 2019இல் வெளியிட்டது. மேலைநாட்டு அச்சுகளைவிட அதில் சராசரி மூளை சிறியதாக இருந்தது. 2020இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 6 முதல் 60 வயது வரையிலான 466 இந்தியர்களைக் கொண்டு, வயதுவாரியாக ஐந்து அச்சுகள் தந்தார்கள். இந்தியர்களின் படங்களை அவற்றில் பொருத்தும்போது இழுத்தலும் சுருக்கலும் குறைந்தன, அளவீட்டின் பிழையும் குறைந்தது.

மூளையின் பருமனை அறிவின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உயரம், உடல்வாகு, பால், வயது எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. சராசரி சிறியது என்ற செய்தி வந்ததும் ஊடகங்கள் அதைப் பெருமை சிறுமைக் கணக்காக்கியது வீண் வேலை. ஏன் சிறியது என்ற கேள்விதான் முக்கியம். அதற்கு மரபு மட்டும் பதில் தராது.

இணைப்புகள் படமாவது எப்படி?

எம்ஆர்ஐ அடிப்படையில் நீர் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையைப் பதிவு செய்கிறது. நரம்பணுக்களின் உடல்கள் நிறைந்த சாம்பல்பொருளும், அவற்றின் நீண்ட இழைகள் ஓடும் வெண்பொருளும் வேறு வேறு செறிவில் தெரிகின்றன. இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படர்ந்திருப்பதால் அந்தப் பகுதி வெளிறித் தெரிகிறது. நீர் இழையின் போக்கில் எளிதாகவும் குறுக்கே கடினமாகவும் பரவும். அந்தப் பரவலைத் திசைதிசையாக அளந்து இழைக்கற்றைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கணிக்கும் முறை 1990களில் வளர்ந்தது. மூளைப் பகுதிகளின் உடல்ரீதியான இணைப்பை இது காட்டுகிறது.

செயல்ரீதியான இணைப்பைக் காட்டுவது வேறொரு முறை. ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது, ஆக்சிஜன் அளவு மாறுகிறது, படத்தின் செறிவும் சற்றே மாறுகிறது. ஜப்பானியரான செய்ஜி ஒகாவா 1990இல் இதைக் கண்டறிந்தார். ஐந்தாண்டுகள் கழித்து விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பரத் பிஸ்வால் கவனித்த ஒன்று துறையின் போக்கையே மாற்றியது. ஸ்கேனருக்குள் எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் இடது கையை இயக்கும் பகுதியும் வலது கையை இயக்கும் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட மெதுவான அலைகளுக்குள் ஒழுங்கு இருந்தது. சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளை ஒரே வலைப்பின்னலாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கிருந்து வளர்ந்தது. 2001இல் மார்கஸ் ரெய்க்கல் குழு, மனம் வெளிவேலையில் ஈடுபடாதபோது முனைப்பாக இருக்கும் ஒரு வலைப்பின்னலை விவரித்தது. 2011இல் ஆயிரம் பேரின் தரவிலிருந்து மூளைப் புறணி ஏழு பெரும் வலைப்பின்னல்களாகப் பகுக்கப்பட்டது. பார்வை, உடலியக்கம், கவனம், உணர்ச்சி, திட்டமிடல், அகச்சிந்தனை என்று இவை விரிகின்றன.

குழந்தைகளுக்கு இந்த முறை எளிதில் பொருந்துவதில்லை. சும்மா படுத்திருப்பது அவர்களால் ஆகாத காரியம். தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலே தொலைதூரப் பகுதிகளுக்கிடையேயான இணைப்பு பலவீனமாகவும் பக்கத்துப் பகுதிகளின் இணைப்பு வலுவாகவும் படத்தில் தெரியும். ‘வயது ஏற ஏறக் குறுகிய இணைப்புகள் குறைந்து நெடுந்தொலைவு இணைப்புகள் வலுக்கின்றன’ என்று முன்பு சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, சின்னக் குழந்தைகள் அதிகம் நெளிந்ததன் விளைவே என்று 2012இல் ஜொனாத்தன் பவரும் சகாக்களும் காட்டினார்கள். முந்தைய முடிவுகள் சிலவற்றை வெளியிட்ட ஆய்வகமும் அவர்களுடையதுதான்.

வளர்ச்சியின் கால அட்டவணை

பிழைகளைக் களைந்தபின் மிஞ்சும் சித்திரம் ஓரளவு உறுதியானது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கூட்டாய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டி, கருவில் 115 நாள் முதல் 100 வயது வரை மூளையின் வளர்ச்சி வளைவை வரைந்தது. சாம்பல்பொருளின் மொத்தக் கொள்ளளவு 6 வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது. புறணியின் தடிமன் இரண்டு வயதுக்கு முன்பே உச்சத்துக்குப் போய்விடுகிறது. வெண்பொருள் மட்டும் 28, 29 வயது வரை வளர்ந்துகொண்டே போகிறது. உணர்வதற்கும் அசைவதற்குமான பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்மூளையின் இணைப்புகள் கடைசியில்தான் முதிர்கின்றன.

குழந்தை நல மையங்களில் எடை அட்டையைப் பார்ப்பது போல ஒருநாள் இந்த வளைவையும் பார்க்கலாம் என்பது ஆய்வாளர்களின் கனவு. அதைத் தொகுத்தவர்களே ஒரு குறையையும் பதிந்திருக்கிறார்கள்: தரவின் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தது.

வளைவின் தொடக்கத்தை நிரப்பும் வேலை ஒன்று சென்னையில் நடந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் 2022இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், ‘தரணி’ என்ற கருமூளைத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. கருவுற்ற 14 முதல் 24 வாரங்களுக்குள்ளான ஐந்து மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களை உயிரணு அளவு நுணுக்கத்தில் பதிவு செய்து முப்பரிமாணமாகக் கட்டினார்கள். எம்ஆர்ஐயின் ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் உயிரணுக்கள் அடங்கிவிடுவதால், எந்த உயிரணு எங்கே பிறந்து எந்த அடுக்குக்கு நகர்கிறது என்பதைச் சீவல்களில்தான் காண முடியும். கருக்காலத்தில் நடப்பது இத்தனை விரைவான கட்டுமானம் என்றால், அப்போதும் அடுத்த இரண்டாண்டுகளிலும் தாய்க்கும் குழந்தைக்கும் கிடைப்பதும் கிடைக்காததும் வாழ்நாள் முழுதும் தொடரும். இந்த இடத்தில் பாலாற்றங்கரைக்கு வர வேண்டியிருக்கிறது.

பாலாற்றங்கரைக் குழந்தைகள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய இந்த ஊர்களைத் தோல் ஷாப்புகளே வளர்த்தன. அவையே ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் ஆகிறது, சுமார் 170 வகை வேதிப்பொருட்கள் பயன்படுகின்றன, ஏறத்தாழ 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்றெல்லாம் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பு. இழப்பீடும் ஆற்றின் மீட்பும் இன்னும் முடியாத கதை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

தோல் கழிவில் உள்ள குரோமியத்தைக் காட்டி ‘மூளை கெடுகிறது’ என்று சொல்லிவிடுவது எளிது. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. குரோமியத்தின் நச்சு வடிவம் தோலையும் நுரையீரலையும் தாக்குவது நன்றாக நிறுவப்பட்டது. குழந்தை மூளைக்கு ஐயமற நஞ்சு என நிறுவப்பட்ட உலோகம் ஈயம். வேலூரில் அது அளந்தும் பார்க்கப்பட்டிருக்கிறது.

‘மால்-எட்’ என்ற பன்னாட்டு ஆய்வுக்கு உலகில் எட்டு ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. டாக்கா, பக்தபூர் ஆகியவற்றோடு வேலூரும் அதில் ஒன்று. இங்கு ஆய்வை நடத்தியவர் ககன்தீப் காங். நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் 2010 முதல் பிறந்த 251 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றுப்போக்கு, குடல் தொற்று, உணவு, உயரம், எடை, வீட்டுச் சூழல், அறிதிறன் எல்லாம் பதிவாயின. இரத்தத்தில் ஈயத்தை அளந்தபோது, 15 மாதத்திலும் 24 மாதத்திலும் பாதிக்குச் சற்றே குறைவான குழந்தைகளுக்கு அது டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் இன்று கவலைக்குரிய எல்லையாகக் கொள்வது 3.5. ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இலேயே ஒழிந்துவிட்டது. இந்தக் குழந்தைகள் அதற்குப் பத்தாண்டு கழித்துப் பிறந்தவர்கள். குழாய்க் குடிநீரும் மண் தரையும் உள்ள வீடுகளில் ஆபத்து கூடுதலாக இருந்தது.

ஈயம் மூளைக்குள் செய்வது என்ன? நரம்பணுக்களிடையே செய்தி கடத்த உதவும் கால்சியத்தின் இடத்தில் அது புகுந்துகொள்கிறது. தேவையான இணைப்பை வலுப்படுத்தித் தேவையற்றதை விலக்கும் கட்டத்தில் இது குழப்பம் விளைவிக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறப்பிலிருந்து தொடரப்பட்ட 157 பேரை 19 முதல் 24 வயதில் ஸ்கேன் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் இரத்த ஈயம் மிகுந்திருந்தவர்களின் முன்மூளைச் சாம்பல்பொருள் குறைந்திருந்ததைக் காட்டியது. கைக்குழந்தைப் பருவத்து இரத்தச் சொட்டின் கணக்கு இருபதாண்டு கழித்துப் படத்தில் தெரிந்தது.

ஈயத்தின் கூட்டாளி இரும்புச்சத்துக் குறை. குடல் இரண்டையும் ஒரே வாயில் வழியாக உறிஞ்சுவதால் இரும்பு குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது. இழைகளுக்கு மயலின் உறை போடும் உயிரணுக்களுக்கு இரும்பு மிகுதியாகத் தேவை. ஆகவே சோகை பிடித்த கைக்குழந்தைக்கு இழப்பு இரட்டிப்பு. வேலூர்க் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் வளர்ச்சிக் குழந்தை மருத்துவர் பீனா கோஷியின் குழு, முதல் இரண்டாண்டு இரும்புநிலை 5 வயது அறிதிறனோடு தொடர்புடையது என்று கண்டது. வளர்ச்சி குன்றிய நிலை 2 வயதிலிருந்து 9 வயது வரை நீடித்த குழந்தைகளின் அறிதிறன் மதிப்பெண் குறைவாக இருந்தது. முறையான முன்பள்ளிக் கல்வி கூடுதலாகக் கிடைத்தவர்களின் மதிப்பெண் மேம்பட்டிருந்தது.

இந்த மதிப்பெண்களுக்கும் வலைப்பின்னல்களுக்கும் உள்ள உறவை, இதே போன்ற வறுமை நிலவும் இரு இடங்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்காவின் மிர்பூரில் 2019இல் வெளியான ஆய்வில், வளர்ச்சி குன்றிய மூன்று வயதுக் குழந்தைகளின் மூளை மின்னலைகளில் பகுதிகள் ஒத்திசையும் விதம் மாறுபட்டிருந்தது. அந்த மாறுபாடு நான்கு வயதின் நுண்ணறிவு மதிப்பெண்ணோடு இணைந்திருந்தது. அதே ஆண்டில் உத்தரப்பிரதேசத்தின் சிவ்கட் கிராமங்களில், தலையில் அணியும் ஒளியுணர் தொப்பியால் நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். தாயின் கல்வியும் வருமானமும் குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம், கவனத்தைச் சிதறடிப்பதை ஒதுக்கித்தள்ளும் இடது முன்மூளைச் செயல்பாடு பலவீனமாக இருந்தது. வறுமை என்று பொதுவாகச் சொல்லப்படுவது எந்த வலைப்பின்னலில் எப்போது தங்குகிறது என்று இவை சுட்டுகின்றன.

உள்ளூர்ச் சராசரியின் ஆபத்து

மேலைநாட்டு அச்சு நமக்குப் பொருந்தவில்லை என்பதிலிருந்து, நம் சராசரியையே நம் குழந்தைகளுக்கு இயல்பாக வைத்துக்கொள்ளலாம் என்று தாவுவது எளிது. அந்தத் தாவலில் ஆபத்து இருக்கிறது. வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் ஆயிரம் குழந்தைகளை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சராசரிக்குள் ஈயமும் சோகையும் குடல் தொற்றும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதை இயல்பு என்று அறிவித்தால், பாதிக்கப்பட்ட குழந்தை அட்டவணையின் நடுவில் வந்து அமர்ந்துகொள்ளும். மருத்துவர் அதைப் பார்த்து ‘வளர்ச்சி சரி’ என்பார்.

உயரத்திலும் எடையிலும் இந்த விவாதம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஒரு நாட்டுக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லும் அட்டவணைக்குப் பதிலாக, நல்ல சூழலில் குழந்தைகள் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2006இல் தந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து, புகையில்லா வீட்டில், மருத்துவ வசதியோடு வளர்ந்த சுமார் 8,500 குழந்தைகள் அதன் அடிப்படை. இந்தியப் பங்கு டெல்லியிலிருந்து வந்தது. நல்ல சூழலில் வளர்ந்தபோது ஆறு நாட்டுக் குழந்தைகளின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுபோல ஏறியது.

மூளைக்கும் இதையொத்த சான்றுகள் வருகின்றன. நாக்பூர் உள்ளிட்ட பல நாட்டு நகரங்களில் நல்ல ஊட்டமும் கவனிப்பும் பெற்ற கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ‘இன்டர்குரோத்’ ஆய்வில், குழந்தைகள் 2 வயதில் நடை, பேச்சு, அறிதிறன் ஆகியவற்றில் இடத்துக்கு இடம் பெரிதாக வேறுபடவில்லை. அதே திட்டத்தின் அல்ட்ராசவுண்ட் படங்களிலிருந்து கருமூளை முதிர்வதைக் காட்டும் அட்லஸ் ஒன்றும் 2023இல் வெளியானது. மண்ணும் இனமும் விதித்ததாக நாம் நினைக்கும் வேறுபாட்டில் ஒரு பெரும் பங்கு தண்ணீரும் சோறும் விதித்தது என்பதுதான் இதன் பொருள்.

ஆக, இரு தேவைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படங்களைச் சரியாகப் பொருத்தி அளக்க, நம் மக்களின் படங்களிலிருந்து செய்த அச்சு வேண்டும். ஹைதராபாத்தும் பெங்களூரும் செய்தது இந்த வேலை. ஒரு குழந்தை நன்றாக வளர்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல, எந்த நாடாயினும் ஈயமும் பட்டினியும் இல்லாமல் வளர்ந்த குழந்தைகளின் வளைவு வேண்டும். முதலாவதை வைத்து இரண்டாவது வேலையைச் செய்தால், நாமே நம் குழந்தைகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களாவோம்.

வேலூர் செய்யக்கூடியது

மூளைப் படத்துக்கும் நடத்தைக்கும் நேர்கோடு போடுபவர்களுக்கு 2022இல் ஒரு கடுமையான எச்சரிக்கை கிடைத்தது. ஏறத்தாழ 50 ஆயிரம் பேரின் தரவை அலசிய ஸ்காட் மாரெக் குழு, இத்தகைய தொடர்புகள் பெரும்பாலும் மிக மெல்லியவை, உறுதி செய்ய ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டியது. இருபத்தைந்து பேரை ஸ்கேன் செய்து வந்த பல முடிவுகள் இதனால் ஆட்டம் கண்டன. 251 குழந்தைகள் கொண்ட ஓர் ஆய்வு இங்கே என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தோன்றும்.

எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாத ஒன்று வேலூரில் இருக்கிறது: ஒரே ஆளைப் பற்றிய நீண்ட காலப் பதிவு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பிறப்பு விவரங்களை மருத்துவக் கல்லூரி திரட்டியது, பலரைப் பின்னாளிலும் தேடிப்போய்ப் பரிசோதித்தது. அவர்கள் இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள். மால்-எட் குழந்தைகள் பதின்பருவத்தில் இருக்கிறார்கள். வெண்பொருள் வளர்ந்துகொண்டிருக்கும், முன்மூளை இணைப்புகள் இறுகிக்கொண்டிருக்கும் பருவம் அது. எந்த மாதத்தில் எவ்வளவு ஈயம், எத்தனை முறை வயிற்றுப்போக்கு என்று தெரிந்த ஒருவரின் படம், எதுவும் தெரியாத ஆயிரம் பேரின் படத்தைவிடக் காரணத்தை நெருங்கிக் காட்டும்.

கருவியும் எளிதாகிவருகிறது. பெரிய மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தப்புலம் கொண்டது, தனி அறையும் கனமான முதலீடும் கேட்பது. 0.064 டெஸ்லா அளவில், சக்கரம் வைத்து, சுவர் பிளக்கில் செருகி இயக்கும் கருவிக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி தந்தது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் குழந்தை மூளை ஆய்வுக்கு அது பயன்படத் தொடங்கியிருக்கிறது. படம் மங்கல்தான். ஆனால் மூளையின் பருமனையும் அதன் பெரும்பகுதிகளையும் அளக்கப் போதும். பேரணாம்பட்டு அரசு மருத்துவமனை வாசலுக்கு வரக்கூடிய கருவி அது.

அதற்காகக் காத்திருக்காமல் செய்ய வேண்டியவையும் தெளிவாக இருக்கின்றன. குழந்தைகளின் இரத்த ஈயத்தை அளப்பது, குடிநீரையும் வீட்டுத் தூசியையும் சோதிப்பது, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இரும்புச்சத்து உறுதியாகச் சேர்வது, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் தாயின் குழந்தைக்கு நல்ல அங்கன்வாடியும் முன்பள்ளியும் கிடைப்பது. இவை எல்லாம் ஸ்கேனர் இல்லாமலேயே மூளை வலைப்பின்னலை மாற்றும் வேலைகள். ஆய்வின் பயன், எதை எந்த வயதுக்குள் செய்ய வேண்டும் என்று சொல்வதிலும், செய்தபின் உண்மையில் மாற்றம் வந்ததா என்று காட்டுவதிலும் இருக்கிறது.

வேலூர்க் குழந்தை ஒன்றின் மூளை உலக வளைவுக்குக் கீழே விழுந்தால், வளைவு நமக்கானதில்லை என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகே அந்த உரிமையைப் பயன்படுத்தலாம்.